ஒரு சொம்புப் பானகம், மூன்று குளிர்ச்சி

ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில், பங்குனி வெயில் உச்சிக்கு ஏறிய வேளையில், ஒரு சர்பத் கடை முன்னால் நின்றேன். மேற்கே மலை வெளிர்நீலமாகத் தெரிந்தது. ஆனால் அதன் குளுமை ஊருக்குள் வரவில்லை. கடைக்காரத் தம்பி எலுமிச்சம்பழத்தை டம்ளரில் பிழிந்தார், நன்னாரிப் பாகை ஊற்றினார், ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

“தம்பி, எனக்கு ஐஸ் வேண்டாம். பானைத் தண்ணியே போதும்.”

அவர் கை நின்றது. “ஐஸ் இல்லாமயா? அப்புறம் என்னத்துக்கு அண்ணாச்சி சர்பத்து?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இதே கேள்வியைப் பானகத்தின் முன்னால் வைத்தால் இன்னும் சிக்கலாகிறது. ராம நவமிக்கு வீட்டில் கரைப்பதும், தேரோட்ட நாளில் தெருமுனையில் அண்டா வைத்து ஊற்றுவதும் பானகம்தான். வெல்லம், எலுமிச்சை அல்லது புளி, சுக்கு, ஏலம், துளசி, அவ்வளவுதான் சேர்மானம். ஐஸ் அதில் ஒருபோதும் இருந்ததில்லை. போதாக்குறைக்குச் சுக்கு வேறு. ‘சூடு’ என்று ஊரே சொல்லும் சரக்கு, வெயிலுக்குக் குடிக்கும் பானத்தில் என்ன செய்கிறது?

‘குளிர்ச்சி’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று வேறு வேறு சங்கதிகளை அடைத்து வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. பானையில் நடப்பது ஒன்று, நாக்கில் நடப்பது ஒன்று, உடம்பில் நடப்பது ஒன்று. மூன்றையும் பிரித்துப் பார்த்தால், வீட்டில் ஒரு நல்ல பானகம் கரைப்பது எப்படி என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

ஐஸின் கணக்கு

முதலில் அந்தத் தம்பியின் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். ஐஸ் போட்ட சர்பத் 200 மில்லி, வெப்பநிலை 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உடம்பு 37 டிகிரி. வயிற்றுக்குள் போன ஒவ்வொரு கிராம் நீரும் 27 டிகிரி ஏறுவதற்கு 27 கலோரி வெப்பத்தை உடம்பிடமிருந்து எடுத்துக்கொள்ளும். 200 கிராமுக்கு 5,400 கலோரி, அதாவது 5.4 கிலோகலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 50 கிலோகலோரி வெளியேற வேண்டும். ஆக, ஐஸ் சர்பத் செய்யும் உதவி பத்தில் ஒரு டிகிரி.

இனி அதே 200 மில்லி நீர் வியர்வையாகி, தோலின் மேல் முழுதும் உலர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் ஆவியாக, தோலின் வெப்பநிலையில் கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். மொத்தம் 116 கிலோகலோரி. ஐஸ் செய்ததைப் போல இருபது மடங்குக்கும் மேல்!

நீர் எவ்வளவு சில்லென்று உள்ளே போகிறது என்பதைவிட, அது எவ்வளவு விரைவில் இரத்தத்தில் சேர்ந்து வியர்வையாக வெளியே வருகிறது என்பதுதான் உடம்புக்கு முக்கியம். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பானகத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பானையின் குளிர்ச்சி

மண்பானைக்கும் வியர்வைக்கும் ஒரே விதிதான். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தை நனைக்கிறது. காற்று அதை உலர்த்தும்போது பானையிலிருந்தே வெப்பம் போகிறது. பத்து லிட்டர் பானையில் நூறு மில்லி நீர் இப்படி ஆவியானால், வெளிவெப்பம் உள்ளே வருவதை விட்டுவிட்டுப் பார்த்தால், உள்ளே இருக்கும் நீர் ஏறக்குறைய 6 டிகிரி குளிரும்.

காற்றில் ஈரம் குறைவாக இருந்தால்தான் இது நடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து ஊர்களுக்கு இதில் ஒரு வசதி. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறி மேலும் வறண்டுபோகிறது. ஆடி மாதத்தில் மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும்போது நாம் அதைத் திட்டுகிறோம்; திண்ணையில் இருக்கும் பானைக்கோ அதுதான் கொண்டாட்டம். சென்னையின் கடற்கரைப் புழுக்கத்தில் அதே பானை பாதி வேலைதான் செய்யும். பானையை மூடிய அறைக்குள் வைப்பதும், வெளிப்புறத்துக்குப் பெயின்ட் அடித்து அழகு பார்ப்பதும் அதன் மூச்சை அடைப்பதற்குச் சமம்.

பானை நீர் ஐஸ் அளவுக்குக் குளிராததில் இன்னொரு ஆதாயமும் உண்டு. இனிப்பை உணரும் நாக்குச் செல்களில் உள்ள டிஆர்பிஎம்5 என்ற புரதக் கால்வாய், இளஞ்சூட்டில் நன்றாகவும் குளிரில் மந்தமாகவும் இயங்குகிறது. 2005-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ஐஸ் போட்ட பானத்துக்கு அதே இனிப்பு வேண்டுமானால் கூடுதல் சர்க்கரை கொட்ட வேண்டும். கடையில் வாங்கும் கோலா ஒன்றைத் திறந்து வைத்து, வெதுவெதுப்பானதும் குடித்துப் பாருங்கள். தெவிட்டும் அந்தத் தித்திப்பு, குளிரில் ஒளிந்திருந்த சர்க்கரைதான். பானைத் தண்ணீரில் கரைத்த பானகத்துக்குக் குறைந்த வெல்லமே போதும்.

நாக்கின் குளிர்ச்சி

இப்போது சுக்குக்கு வருவோம். இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது, ஜிஞ்சரால் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு ‘ஷோகா’ என்று பெயர். அதிலிருந்து வந்த பெயர் இது. ஷோகாலுக்கு ஜிஞ்சராலைவிடக் காரம் அதிகம். சிறிது சுக்கே போதும் என்பதற்கும், இஞ்சி தட்டிப்போட்ட பானகம் வேறு சுவையில் இருப்பதற்கும் இதுவே காரணம்.

இந்தக் காரம் நாக்கில் போய் முட்டும் கதவுதான் சுவாரசியமானது. 1997-இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் குழு, மிளகாயின் காரப்பொருளை வைத்து நரம்பு நுனியில் உள்ள டிஆர்பிவி1 என்ற வாயிலைக் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் திறப்பது அதே வாயில்தான். விருதுநகர் வத்தலைக் கடித்தால் வாய் ‘எரிகிறது’ என்கிறோமே, அது வெறும் உவமையில்லை; சூட்டுக்குரிய நரம்புக் கம்பியில்தான் அந்தச் செய்தி போகிறது. இஞ்சியும் சுக்கும் தட்டுவது அதே கதவைத்தான். சூடு வந்துவிட்டது என்று நம்பும் மூளை வியர்க்கச் சொல்கிறது. காரமாகச் சாப்பிட்டால் நெற்றியில் துளிர்ப்பது அப்படித்தான்.

2002-இல் இதற்கு நேர் எதிரான வாயில் ஒன்றும் தெரியவந்தது. டிஆர்பிஎம்8 என்று பெயர். குளிர்ந்த நீர் பட்டால் திறக்கும். புதினாவின் மென்தால் பட்டாலும் திறக்கும். ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூடியனும் தனித்தனியே மென்தாலைக் கொண்டு இதைக் கண்டார்கள். சூடு, குளிர், தொடுகை ஆகியவற்றை உணரும் வாயில்களைக் கண்டறிந்ததற்காக இருவரும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பானகத்தில் புதினா இல்லையே என்று கேட்கலாம். ஏலக்காய் இருக்கிறது. ஏல எண்ணெயின் முக்கியப் பொருள்களில் ஒன்று சினியோல். யூகலிப்டஸ் தைலத்தை மோந்தால் மூக்குக்குள் ‘ஜில்’லென்று ஏறுவதும் அதே சினியோல்தான். மென்தால் அளவுக்கு வலுவில்லை என்றாலும் குளிரின் கதவை இதுவும் திறக்கும். ஆக, ஒரே மடக்கில் சுக்கு சூட்டின் கதவைத் தட்டுகிறது, ஏலம் குளிரின் கதவைத் தட்டுகிறது. தொண்டைக்குள் காரமும் பின்னாலேயே ஒரு குளுமையும் இறங்குவது இதனால்தான். டம்ளரில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அது கொஞ்சமும் அசையாது. இது நரம்புக்கு மட்டும் தெரிந்த குளிர்ச்சி.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில வீடுகளில் பானகத்தில் பச்சைக் கற்பூரம் துளி சேர்ப்பார்கள். ஆரத்திக்கு ஏற்றும் சூடம் வேறு, அதை எக்காரணம் கொண்டும் உணவில் போடக்கூடாது. பச்சைக் கற்பூரத்திலும் தாராளம் ஆகாது. குழந்தைகளுக்கு மிகச் சிறிய அளவிலேயே வலிப்பை வரவழைக்கக்கூடிய பொருள் கற்பூரம். குழந்தைகள் குடிக்கும் பானகத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது, ஏலமே போதும்.

உடம்பின் குளிர்ச்சி

மூன்றாவதுதான் உண்மையான வேலை: குடித்த நீர் குடலைக் கடந்து இரத்தத்தில் சேர வேண்டும். வெறும் நீரும் சேரும். ஆனால் கொஞ்சம் சர்க்கரையும் கொஞ்சம் உப்பும் கூட இருந்தால் வேகம் கூடும். சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒன்றாகக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போகும் ஒரு புரதம் இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது அந்த வழியில் போகாது. இரண்டும் உள்ளே போனால் நீர் பின்தொடரும். ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் இந்தக் கருத்தை முன்வைத்தார்.

அது ஏட்டோடு நிற்கவில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரமான பொங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. இரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். முப்பது சதவீதம் வரை இருந்த இறப்பு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் கதை அது. 2022-இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இந்த அளவுகோலை வைத்து நம் பானகத்தைப் பார்த்தால் ஒரு நிறையும் இரண்டு குறைகளும் தெரிகின்றன. வெல்லத்தில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். குடலில் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. குளுக்கோஸ் கிடைத்துவிடுகிறது, அது நிறை. வெல்லத்தில் பொட்டாசியம் ஓரளவு இருக்கிறது, ஆனால் சோடியம் போதாது. பானகத்தில் பலர் உப்பே போடுவதில்லை. அது முதல் குறை. ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று கிராம் உப்பு வெளியேறுகிறது என்பதால், வயலில் நின்றவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது குறை, தாராளமான இனிப்பு. ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கான பானங்களில்கூடப் பெரும்பாலும் 60 கிராமை ஒட்டித்தான். விசேஷ வீட்டுப் பானகத்திலோ 150 கிராம் வெல்லம்கூடக் கரைந்திருக்கும். அவ்வளவு அடர்த்தியான கரைசல் வயிற்றைவிட்டு இறங்கவே தாமதமாகும். குடலுக்குள் போனபின் உடம்பின் நீரைத் தன்பக்கம் இழுக்கவும் செய்யும். குடித்த சிறிது நேரத்தில் மறுபடி தாகம் எடுக்கிறதென்றால் வெல்லத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையேதான். நிறம் கறுத்திருப்பதால் கணக்கு மாறாது. வயிற்றுப்போக்குக்குப் பானகம் மருந்தில்லை, அதற்கு ஓஆர்எஸ்தான்.

சொம்பில் கலக்கும் முறை

ஒரு லிட்டர் பானைத் தண்ணீர். பொடித்த வெல்லம் 50 கிராம். கரைத்து வடிகட்டுங்கள், மண்ணும் சக்கையும் போகும். அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, தட்டிய ஏலக்காய் நான்கு, கால் தேக்கரண்டி உப்பு. கால் மணிநேரம் மூடி வையுங்கள். ஏலத்தின் மணம் நீரில் எளிதில் கரையாத எண்ணெய். இறங்க அதற்கு அவகாசம் வேண்டும், திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும்.

துளசியை அரைக்க வேண்டாம். ஆண்டாளைத் துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் கண்டெடுத்ததாகச் சொல்லும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த இலைக்கு இங்கே அறிமுகம் தேவையில்லை. அதன் மணம், இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாலே பைகள் உடையும். மிக்ஸியில் போட்டால் இலையின் பச்சையமும் சாறும் கலந்து, பானகம் பழுப்பேறிப் புல்வாடை அடிக்கும்.

எலுமிச்சை கடைசியில். ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் தெற்கே போனால் எலுமிச்சைக்கே பெயர்பெற்ற புளியங்குடி வருகிறது. இந்தப் பக்கத்துக் கடைகளில் பழத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு பழம் போதும். விதை நசுங்காமல், தோலைப் பிழிந்தெடுக்காமல் மெதுவாகப் பிழிய வேண்டும். பிழிந்து நேரம் ஆக ஆகச் சாறு கசப்பேறுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிட்ரஸ் பழங்களில் கசப்பில்லாத ஒரு மூலப்பொருள் இருக்கிறது. செல்கள் உடைந்து அமிலத்தோடு கலந்தபின் அது சிறுகச் சிறுக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. குடிக்கும் நேரத்தில் பிழிவதே அதற்கு மருந்து.

கலக்கும் பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். எலுமிச்சையும் புளியும் செம்பு, பித்தளையைக் கரைக்கும். பித்தளை அண்டாவுக்கு உள்ளே ஈயம் பூசுகிறவர்கள் முன்பு தெருத்தெருவாக வந்தது அதற்காகத்தான். அந்தப் பூச்சு வெள்ளீயம். பூச்சுத் தேய்ந்த அண்டாவில் பானகம் ஊறக்கூடாது. எவர்சில்வரோ மண்ணோ கண்ணாடியோ போதும்.

நன்னாரியின் மணம்

சர்பத்துக்கு உயிர் நன்னாரி வேர். அதன் மணத்துக்குக் காரணமான பொருளும் வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலினும் அணுக் கணக்கில் ஒன்றேதான்: எட்டுக் கார்பன், எட்டு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். ஒரே வளையத்தில் கிளைகள் ஒட்டியிருக்கும் இடம்தான் வேறு. மெக்சிகோவின் ஆர்க்கிட் ஒன்றும் நம் புதரில் படரும் எருக்கின் உறவுக்கொடியும் ஒரே செங்கற்களை வேறு வேறாக அடுக்கியிருக்கின்றன. மாகாளிக் கிழங்கு ஊறுகாயிலும் இதே நன்னாரி மணம் அடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதிலிருப்பதும் இதே பொருள்.

கிளைகள் மாறி ஒட்டியதால் சமையலில் ஒரு விளைவு வருகிறது. நன்னாரியின் மூலக்கூறில் இரு கிளைகள் அடுத்தடுத்து நின்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், நீரோடு அதன் பிடிப்புக் குறைவு. கொதிக்கும் நீராவியோடு எளிதில் கிளம்பிவிடும். வேரைத் திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்தால் வீடு முழுக்க மணக்கும், சர்பத் மணக்காது. 50 கிராம் வேரைத் தட்டி, நடுவில் இருக்கும் கட்டையான நரம்பை எறிந்துவிடுங்கள், மணம் பட்டையில்தான். அரை லிட்டர் கொதிநீரை ஊற்றி இறுக மூடி, இரவெல்லாம் ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் கரையும் மட்டும் சூடாக்கி, பாதி எலுமிச்சையைப் பிழிந்து இறக்குங்கள்.

அரை லிட்டருக்கு ஒரு கிலோ என்பது கண்ணளவாக வந்த விகிதமில்லை. அந்தப் பாகில் எடைக்கு எடை மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அறை வெப்பத்தில் நீர் தாங்கக்கூடிய எல்லை ஏறக்குறைய அதுதான். இந்த அடர்த்தியில் விழும் ஈஸ்ட் செல்லிலிருந்து பாகு நீரை உறிஞ்சிவிடும். அதனால் அது பெருக வழியில்லை. எல்லைக்கு அருகே இருப்பதால் பாகு படிகமாகப் பூத்துப்போகும் அபாயமும் உண்டு. அங்கேதான் எலுமிச்சை உதவுகிறது: அமிலம் சுக்ரோஸில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. இப்படிக் கலந்த மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கி நிற்க முடியாததால் படிகம் எழாது. பாகு கெடாமல் மாதக்கணக்கில் நிற்கும்.

பானகம் அப்படியில்லை. அதன் மெல்லிய இனிப்பு ஈஸ்ட்டுக்கு விருந்து. காலையில் கரைத்தது மறுநாள் நுரைத்து லேசாகப் போதை வாடை அடிக்கும். பதநீர் கள்ளாவதும் இதே வேலைதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிற பனையேறி, அந்தக் காரத்தன்மையால் நுண்ணுயிர்களைத் தடுத்து நிறுத்துகிறார். பானகத்துக்குச் சுண்ணாம்பு போட முடியாது. கரைத்த அன்றே குடித்துவிட வேண்டும்.

நன்னாரி வேருக்காக மலையேற நினைக்க வேண்டாம். மேற்கே தெரியும் அந்த மலை 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கான காப்பகமாகவும், 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆனது. வேரைத் தோண்டினால் கொடியே போய்விடும். அதனால் நன்னாரியை நாட்டுமருந்துக் கடையில் வாங்குவதோ, வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதோ நல்லது.

சோழபுரத்துத் தம்பி பானைத் தண்ணீரை ஊற்றி டம்ளரை நீட்டினார். “ஒரு சிட்டிகை உப்பும் போடுங்க தம்பி” என்றேன். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை, போட்டார். குடித்து முடித்துச் சாலையோர வேப்பமர நிழலில் நின்றேன். சற்று நேரத்தில் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கைக்குட்டையை எடுக்கப்போனேன், பிறகு எடுக்கவில்லை. மேற்கிலிருந்து வந்த வறண்ட காற்று அதை உலர்த்திக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.